மீசை தெரியாத மாதங்களில் மீசை ஆலா

பள்ளிக்கரணைச் சதுப்பில் மார்கழி மாதம் மீசை ஆலாவைத் தேடிப் போகிறவர் பறவைக் கையேட்டைத் திறந்தால் குழம்பித்தான் போவார். படத்தில் இருப்பது கருந்தொப்பி போட்ட பறவை. அடர்சாம்பல் வயிறு, இரத்தச் சிவப்பில் அலகு, தொப்பிக்கும் வயிற்றுக்கும் நடுவே கன்னத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டைதான் மீசை. எதிரே தண்ணீருக்கு மேல் பறந்துகொண்டிருப்பதோ வெளிறிய சின்னப் பறவை. தொப்பி இல்லை, மீசை இல்லை, அலகு கறுப்பு, வயிறு வெள்ளை. கையேட்டின் மூலையில் குளிர்காலக் கோலம் என்று சின்னதாக இன்னொரு படம் இருக்கும். நம்மூருக்கு வருவது பெரும்பாலும் அந்தச் சின்னப் படத்துப் பறவை.

மீசை ஆலா இந்தியாவில் கூடு கட்டுவது காஷ்மீர் ஏரிகளிலும் கங்கைச் சமவெளியிலும் அசாம் நீர்நிலைகளிலும். அங்கே தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் அது முழு அலங்காரத்தோடு இருக்கும். அப்போது நாம் அதைப் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வந்து கோடை தொடங்கும்வரை தங்கும், அலங்காரம் கலைந்த பறவைதான் சென்னைக்குக் கிடைக்கிறது. அதனால் நிறத்தில் தொடங்கும் அடையாளப் பாடம் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது. முதலில் பறக்கும் விதம், அடுத்து இரை எடுக்கும் விதம், அதன் பிறகே நிறம் என்று வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இறகு மாதத்துக்கு மாதம் மாறும். பறக்கும் விதம் மாறாது.

ஆலாக்கள் கடற்காகங்களின் உறவுக்காரப் பறவைகள். பட்டினப்பாக்கத்திலோ எண்ணூரிலோ கடலோரம் நாம் பார்க்கும் ஆலாக்களில் பல, உயரத்திலிருந்து தலைகீழாகத் தண்ணீருக்குள் பாய்ந்து மீனோடு எழும். இவற்றிலிருந்து விலகி, உள்நாட்டு நன்னீர்ச் சதுப்புகளை நம்பி வாழும் சிறு குழு ஒன்று உண்டு. அதைச் சதுப்பு ஆலாக்கள் என்கிறோம். உலகத்தில் மொத்தம் 4 இனங்கள்: மீசை ஆலா, வெண்சிறகு ஆலா, கருப்பு ஆலா, நியூசிலாந்தில் மட்டும் வாழும் இன்னொன்று. அறிவியல் பெயரில் இவை எல்லாமே கிளிடோனியாஸ் என்ற பேரினத்தில் அடங்கும். இவற்றில் சென்னைக்காரர் தவறாமல் பார்க்கக்கூடியது மீசை ஆலாதான்.

ஜெர்மானிய இயற்கையியலாளர் பீட்டர் சைமன் பல்லாஸ் 1811-இல் இந்தப் பறவையை விவரித்தபோது, இரண்டு வேறு ஆலாக்கள் கலந்து பிறந்ததாக இருக்குமோ என்று ஐயப்பட்டார். இதன் அறிவியல் பெயரில் ஹைப்ரிடா என்று இன்றும் நிற்பது அந்த ஐயம்தான். அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. கருந்தொப்பியும் சாம்பல் உடலும் கடல் ஆலாவை நினைவூட்டும். வாழும் இடமும் இரை தேடும் முறையும் சதுப்பு ஆலாவுடையவை. இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும் இந்தத் தன்மைதான் இன்றும் பார்ப்பவர்களைத் தடுமாற வைக்கிறது.

பறப்பை முதலில் பாருங்கள்

அளவு சின்னது. நீளம் 23 முதல் 29 செ.மீ. வரை, எடை பெரும்பாலும் 100 கிராமைத் தாண்டாது. சிறகு உடலுக்கு நீளம்தான், ஆனால் கடல் ஆலாக்களோடு பார்த்தால் அகலம், முனையும் அவ்வளவு கூர்மையில்லை. வால் குட்டை, அதன் பிளவும் ஆழமில்லாதது. வாலை விரித்துத் திரும்பும்போது பிளவே தெரியாமல் நேராக வெட்டியதுபோலத் தோன்றும். தொலைவில் ஒரு வெள்ளைப் பறவை பறக்கும்போது நீண்ட பிளவு வால் தெரிந்தால் அது மீசை ஆலா இல்லை என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

இரை தேடும்போது அது காற்றை எதிர்த்துப் பறக்கும். தண்ணீருக்கு மேல் சில மீட்டர் உயரத்தில், அலகைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மெதுவாகப் போகும். சட்டென்று ஒரு பக்கம் சரிந்து இறங்கி, நீரின் மேற்பரப்பில் எதையோ கொத்தி எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். உடம்பு நனையாது. எப்போதாவது ஆழமில்லாமல் முழுக்குப் போடுவதும் உண்டு, ஆனால் வழக்கம் கொத்தி எடுப்பதுதான். சதுப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இப்படியே போய், காற்றோடு வேகமாகத் திரும்பி வந்து, மறுபடி தொடங்கிய இடத்திலிருந்து எதிர்க்காற்றில் கிளம்பும்.

இந்த வழக்கம் பார்ப்பவருக்குப் பெரிய உதவி. கார்த்திகையிலும் மார்கழியிலும் சென்னையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். மாசி, பங்குனியில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் ஏறும். காற்று வரும் பக்கமாகப் போய் நின்றால் பறவைகள் முகத்தைக் காட்டியபடி உங்களை நோக்கி வரும். அப்போது அலகையும் தலையின் கறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் பார்க்கலாம். எதிர்ப்பக்கம் நின்றால் அவை முதுகைக் காட்டியபடி விலகிப் போகும், பிட்டமும் (முதுகு வாலோடு சேரும் இடம்) வாலும் தெரியும். இரண்டு பக்கமும் அரை மணி நேரம் நிற்கப் பொறுமை இருந்தால் விலை உயர்ந்த தொலைநோக்கியே தேவையில்லை. சாதாரண பைனாகுலர் போதும். வெயிலை மட்டும் முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். உச்சிவெயிலில் எந்தச் சாம்பலும் வெள்ளையாகத்தான் தெரியும்.

தின்பது என்ன என்று தெரிந்தால் இந்தப் பறப்புக்கு அர்த்தம் புரியும். தட்டான்கள், அவற்றின் இளம்புழுக்கள், நீர்வண்டுகள், தலைப்பிரட்டைகள், சின்னத் தவளைகள், சிறு இறால்கள், விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். எல்லாமே நீரின் மேற்பரப்பிலோ அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ கிடைப்பவை. இதற்கு ஆழமாகப் பாய வேண்டியதில்லை. மெதுவாகப் பறந்து, நீர்ப்பரப்பை அடி அடியாகத் துழாவ வேண்டும். அகலச் சிறகும் குட்டை வாலும் அந்த வேலைக்கு ஏற்றவை. நம்மூரில் மழை பெய்து ஏரிகள் நிரம்பி, தவளை கத்தி, வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் இது வந்து சேர்வதில் வியப்பேதும் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் நாற்று நட்ட வயலுக்கு மேலேயும் இதே பறப்பைப் பார்க்கலாம்.

சென்னையின் நாட்காட்டி

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் முதல் பறவைகள் வரத் தொடங்கும். அந்த நேரத்தில் கூட்டத்தில் மூன்று விதமான கோலம் கலந்திருக்கும். வயிற்றில் இன்னும் சாம்பல் திட்டுகள் மிச்சமிருக்கும் பெரியவை, முழுக்க வெளுத்துவிட்ட பெரியவை, அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள். இளம்பறவையின் முதுகில் கரும்பழுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்து வரிவரியாக இருக்கும். அது சீக்கிரமே உதிரத் தொடங்குவதால், சாம்பல் முதுகில் அங்கங்கே பழுப்புத் திட்டுகளாக மட்டும் மிஞ்சும்.

ஐப்பசி முதல் மாசி வரை பெரும்பாலானவை குளிர்காலக் கோலத்தில்தான் இருக்கும். மேலே வெளிர்சாம்பல், கீழே வெள்ளை. நெற்றி வெள்ளை, உச்சந்தலையில் கறுப்புக் கோடுகள். கண்ணிலிருந்து ஒரு கறுப்புப் பட்டை பின்னால் போய்ப் பிடரியில் சேரும். இந்தப் பட்டையைத்தான் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், சென்னையில் மீசையின் இடத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் அடையாளம் இதுதான். பிட்டமும் முதுகும் வாலும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். அலகு கருமை, கால் மங்கிய சிவப்பு.

பங்குனியில் மாற்றம் தொடங்கும். சித்திரையில் பெரும்பாக்கத்திலோ பள்ளிக்கரணையிலோ போய்ப் பார்த்தால், கையேட்டின் பெரிய படத்துப் பறவையே கண்முன் பறக்கும். கருந்தொப்பி முழுசாகி, வயிறு கருத்து, அலகு சிவந்து, நடுவே அந்த வெள்ளைப் பட்டை. சென்னையில் மீசை ஆலா தன் மீசையைக் காட்டும் வாரங்கள் அவ்வளவுதான். வெயில் கொளுத்துகிறது என்று பலரும் பறவை பார்ப்பதை நிறுத்தும் நேரத்தில் அது நடப்பது வருத்தம். முடிந்தவர்கள் சித்திரை விடியற்காலை ஒன்றையாவது இதற்காக ஒதுக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் சிறகின் நுனி சிலவற்றில் வெள்ளி நிறமாகவும் சிலவற்றில் கருமையாகவும் தெரியும். வேறு இனம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆலாக்களின் பறப்பிறகு புதிதாக இருக்கும்போது அதன் மேல் வெளிறிய படலம் ஒன்று இருக்கும். நாளாக ஆகப் படலம் தேய்ந்து, அடியில் உள்ள கருமை வெளியே தெரியும். ஒரே சிறகிலேயே புது இறகும் பழைய இறகும் அடுத்தடுத்து இருந்தால் நடுவில் ஒரு கோடு கிழித்ததுபோல் இருக்கும்.

வைகாசிக்குப் பிறகும் சில பறவைகள் தங்கிவிடும். ஜூன், ஜூலையில் வெள்ளை வயிற்றோடு ஒரு மீசை ஆலாவைப் பார்த்தால் அது பெரும்பாலும் முந்தைய ஆண்டு பிறந்த, இன்னும் கூடு கட்டும் வயது வராத பறவை. வடக்கே போகும் அவசியம் அதற்கு இன்னும் வரவில்லை.

எதனோடு குழப்பிக்கொள்கிறோம்

சென்னையில் மிக அதிகமாகக் குழப்புவது பருத்த அலகு ஆலா. பள்ளிக்கரணை, கேளம்பாக்கம் உப்பங்கழி, அடையாறு முகத்துவாரம், பழவேற்காடு என மீசை ஆலா இருக்கும் இடங்களிலெல்லாம் அதுவும் இருக்கும். அதுவும் சதுப்புக்கு மேல் தாழப் பறந்து, பாயாமல் கொத்தி எடுக்கும். குளிர்காலத்தில் அதன் கண்ணருகிலும் ஒரு கறுப்புத் திட்டு உண்டு. இத்தனை ஒற்றுமை இருந்தும் இரண்டையும் பிரிப்பது கடினமில்லை. பருத்த அலகு ஆலா நன்றாகப் பெரியது, சிறகை விரித்தால் ஒரு மீட்டரை நெருங்கும். தலை ஏறக்குறைய முழுக்க வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் உள்ள கறுப்பு பிடரிக்குப் போய்ச் சேராது. அலகு குட்டையாக, கனமாக, கன்னங்கரேலென்று இருக்கும். சிறகடிப்பில் நிதானம் கூடுதல். தண்ணீரை விட்டுவிட்டுச் சேற்றுத் திட்டின் மேலும் வறண்ட நிலத்தின் மேலும் பறந்து நண்டையும் பூச்சியையும் பிடிக்கும். தனியாகப் பறக்கும் பறவையின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம் என்பதால், அருகில் பவளக்காலி உள்ளான் நிற்கிறதா, சின்னக் கொக்கு நிற்கிறதா என்று பார்த்து அதனோடு ஒப்பிட வேண்டும்.

உண்மையில் கடினமான கேள்வி வெண்சிறகு ஆலா. அதுவும் சதுப்பு ஆலா, அளவும் பறப்பும் கிட்டத்தட்ட இதேதான். சென்னைப் பக்கம் சிறு எண்ணிக்கையில் அவ்வப்போது பதிவாகிறது, பெரும்பாலும் வலசை நடக்கும் மாதங்களில். மீசை ஆலாக் கூட்டத்துக்குள் ஒன்றோ இரண்டோ கலந்திருக்கலாம் என்பதால், கூட்டத்தை மொத்தமாக எண்ணிவிட்டு நகர்கிறவர் அதைத் தவறவிடுவார்.

தலையைப் பாருங்கள். மீசை ஆலாவின் கறுப்பு கண்ணிலிருந்து பின்னால் ஓடிப் பிடரியில் முடியும், கண்ணுக்குக் கீழே இறங்காது. வெண்சிறகு ஆலாவின் காதுப் பக்கத்தில் வட்டமான கறுப்புத் திட்டு ஒன்று கண்மட்டத்துக்குக் கீழே தொங்கும், ஹெட்போன் மாட்டியதுபோல. அடுத்து அலகு. வெண்சிறகு ஆலாவின் அலகு குட்டை, மெல்லியது. மீசை ஆலாவின் அலகு தடித்தது, ஆண்பறவைக்கு இன்னும் நீளம். மூன்றாவதாகப் பிட்டம். மீசை ஆலாவுக்கு முதுகும் பிட்டமும் ஒரே நிறம், வெண்சிறகு ஆலாவுக்குப் பிட்டம் முதுகைவிட வெளிறியிருக்கும். வெண்சிறகு ஆலாவின் இளம்பறவையில் இது இன்னும் தெளிவு: முதுகு முழுக்க ஒரே கரும்பழுப்பு, அதை அடுத்து வெள்ளைப் பிட்டம். காற்று போகும் திசையில் நின்றவருக்கு இது கண்ணில் படாமல் போகாது.

இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. தலைக் கோலம் இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தில் மாறிக்கொண்டே இருக்கும், அலகின் நீளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும், பிட்டத்தின் வெளிர்மை வெளிச்சத்தில் ஏமாற்றும். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் பெயரை எழுத வேண்டும். சித்திரையில் மட்டும் இந்தப் பாடு குறைவு. அப்போது வெண்சிறகு ஆலாவின் சிறகின் அடிப்புறத்தில் கறுப்பு இறகுகள் திட்டுத்திட்டாக முளைக்கத் தொடங்கும். உடல் கறுத்தாலும் மீசை ஆலாவின் சிறகின் அடிப்புறம் வெளிறியேதான் இருக்கும்.

கருப்பு ஆலா இந்தியாவிலேயே அபூர்வம். குளிர்காலக் கோலத்தில் அதன் மார்பின் இரு ஓரத்திலும் கருந்திட்டு இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். மற்ற ஆலாக்கள் இவ்வளவு தொந்தரவு தருவதில்லை. சின்ன ஆலா வேகமாகச் சிறகடித்து, ஒரே இடத்தில் நின்று, நேராகத் தண்ணீருக்குள் விழும். ஆற்று ஆலாவுக்கு மஞ்சள் அலகும் நீண்ட பிளவு வாலும் உண்டு. உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ள இனம் அது, பார்த்தால் கட்டாயம் பதிய வேண்டும். பழவேற்காட்டில் தென்படும் காஸ்பியன் ஆலா இந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரியது, அதன் சிவப்பு அலகு எவ்வளவு தொலைவிலும் தெரியும்.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்

மீசை ஆலா உலக அளவில் ஆபத்தில் இல்லை. தெற்கு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று பரவியிருக்கிறது. ஆனால் ஓர் ஊரின் பறவை இன்னொரு கண்டத்தில் நிறைய இருப்பதால் இந்த ஊருக்கு எந்த ஆறுதலும் இல்லை. சென்னையில் இது எவ்வளவு நாள் வரும் என்பதை இங்கேயுள்ள ஆழமில்லாத தண்ணீர்தான் தீர்மானிக்கும்.

பள்ளிக்கரணைக் கழுவெளி ஒரு காலத்தில் இன்றைய பரப்பைப்போலப் பல மடங்கு விரிந்து கிடந்தது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இதில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. இடையில் சாலைகள், கட்டடங்கள், பெருங்குடிக் குப்பைக் கிடங்கு என்று எல்லாப் பக்கமிருந்தும் நிலம் சுருங்கியது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இந்த அங்கீகாரம் மகிழ்ச்சி தருகிறது, ஆனால் எல்லைக்குள் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆலா அந்த இடத்தை மதிப்பிடும்.

அதற்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும், அதன் விளிம்பில் செடியும் வேண்டும். தட்டானும் தலைப்பிரட்டையும் செடி ஓரத்தில் வளரும், அவற்றைக் கொத்தி எடுக்கத் திறந்த இடம் தேவை. ஆகாயத்தாமரை ஓரமாக மட்டும் இருக்கும்போது ஆலாக்கள் அதன் மேலேயே உட்கார்ந்து ஓய்வெடுக்கும். அதே ஆகாயத்தாமரை முழு ஏரியையும் மூடிவிட்டால் அவை இரை தேட இடமில்லாமல் வேறு ஏரிக்குப் போய்விடும். கூடு கட்டும் வடக்கில் கணக்கு வேறு மாதிரி. அங்கே மிதக்கும் நீர்ச்செடிகளின் மேல்தான் இது கூட்டமாகக் கூடு வைத்து, வழக்கமாக 2 அல்லது 3 முட்டை இடும். தண்ணீர் உயரும்போது செடியோடு கூடும் சேர்ந்து உயரும். வெள்ளமோ பெருங்காற்றோ வந்தால் கூடுகள் அடித்துச் செல்லப்படும். கோடையில் காஷ்மீர் ஏரியிலும் மழைக்காலத்தில் நம் கழுவெளியிலும் என்று, ஒரு மீசை ஆலாவின் ஓராண்டு வாழ்க்கைக்கு இரண்டு ஊர் நீர்நிலைகள் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் ஏரியை ஆழமாகத் தோண்டிக் கரையைச் செங்குத்தாக உயர்த்தி, சுற்றிலும் நடைபாதை போடும் வேலையைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. தண்ணீர் சேமிக்க அது உதவலாம். சேறும் செடியும் முழங்கால் ஆழத் தண்ணீரும் கலந்து கிடக்கும் விளிம்பு அதில் காணாமல் போகிறது. ஆலாவுக்கும், தாழைக்கோழிக்கும், இலைக்கோழிக்கும், உள்ளான்களுக்கும் சோறு கிடைக்கும் இடம் அந்த விளிம்பு.

பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் மீசை ஆலா எண்ணப்படுகிறது. தை மாதத்துப் பறவைகளைப் பற்றி அதனால் கொஞ்சமாவது தெரிகிறது. சித்திரைக் கோலத்தையும் ஆனி, ஆடியில் தங்கிவிடும் இளம்பறவைகளையும் எண்ணப் போகிறவர்கள் குறைவு. போகிறவர்கள் எண்ணிக்கையோடு இன்னும் மூன்று செய்திகளைக் குறித்து வைத்தால் பதிவின் மதிப்பு பல மடங்கு கூடும்: எத்தனை பறவைகள் எந்தக் கோலத்தில் இருந்தன, எதன் மேல் இரை தேடின, தண்ணீரில் எவ்வளவு பங்கு செடி மூடியிருந்தது. மூன்று அடையாளமும் ஒத்துப்போகாத பறவையை இனம் பிரிக்காத சதுப்பு ஆலா என்றே பதியலாம், அதுவும் நேர்மையான பதிவுதான். படம் இருந்தால் சேர்த்து வையுங்கள். பறந்து விலகும்போது பிட்டம் தெரிய எடுத்த படம், முகம் அழகாக விழுந்த படத்தைவிடப் பல நேரம் உதவும்.